அத்தியாயம் 6: அடிபட்டுத் திரும்பிய படைவீரரைக் கவனிக்க 26 வார விடுப்பு

சென்ற அத்தியாயத்தில் பார்த்த 12 வாரக் குடும்ப விடுப்பை, பதினெட்டு வயதைத் தாண்டிய மகனுக்காகக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. உடற்குறையால் அவன் தன் அன்றாடக் காரியங்களைத் தானே செய்துகொள்ள முடியாத நிலையில் இருக்கிறான் என்று காட்டினால்தான் உண்டு. தம்பிக்காகவோ அக்காவுக்காகவோ கேட்டால் அறவே கிடையாது. இதை அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பவர்கள், அமெரிக்க ராணுவத்தில் இருக்கும் தம்பி அடிபட்டுக் கிடக்கும்போதும் “நமக்கு லீவ் வராது” என்று தாங்களாகவே முடிவுகட்டிவிடுகிறார்கள். கையில் இருக்கும் சம்பள விடுப்பைக் கரைக்கிறார்கள், பிறகு வேலையையே விடுகிறார்கள். அப்படி விடவேண்டிய அவசியம் இல்லை. படைவீரரைக் கவனிப்பதற்கென்று அதே சட்டத்துக்குள் வேறொரு விடுப்பு இருக்கிறது. மொத்தம் 26 வாரம். பிள்ளைக்கு வயது வரம்பு கிடையாது. தம்பி, அக்கா, பாட்டி, சித்தப்பா, தாய்மாமன் வரை அது நீளும்.

இந்த விடுப்பு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃப்.எம்.எல்.ஏ. என்று எல்லோரும் சொல்லும் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டம் 1993 பிப்ரவரியில் கையெழுத்தானபோது அதில் படைவீரர் என்ற பேச்சே இல்லை. இராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அடிபட்டவர்கள் முன்பெல்லாம் பிழைத்திருக்க முடியாத காயங்களோடு உயிர் தப்பித் திரும்பினார்கள். அவர்களைப் பல மாதங்கள் கவனிக்க ஆள் வேண்டியிருந்தது. 2007 பிப்ரவரியில் வாஷிங்டனின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் வெளிநோயாளிகளாகத் தங்கியிருந்த வீரர்களின் அவல நிலையை வாஷிங்டன் போஸ்ட் வெளிக்கொண்டுவந்தது. அதையடுத்து பாப் டோல், டோனா ஷலாலா இருவர் தலைமையில் அமைந்த குழு, கவனிக்கும் குடும்பத்தாருக்கு ஆறு மாதம் வரை வேலைப் பாதுகாப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2008 ஜனவரியில் அது சட்டமானது. 2009 அக்டோபரில் வந்த திருத்தம், படையை விட்டு வெளியேறியவர்களையும் சேர்த்துக்கொண்டது. அதற்கான விரிவான விதிகள் 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன. குழு சொன்ன ஆறு மாதம்தான் இன்றைய 26 வாரம்.

யார் எடுக்கலாம்

கணவன் அல்லது மனைவி, தாய், தகப்பன், மகன், மகள் ஆகியோருக்கு இதில் கேள்வியே இல்லை. வளர்ப்புப் பிள்ளையும் வளர்ப்புப் பெற்றோரும் இதில் அடக்கம். பெற்றவள் இல்லாமல் சித்தியோ பாட்டியோ தாயின் இடத்தில் நின்று வளர்த்திருந்தால் அவரும் பெற்றோராகவே கணக்கில் வருவார். மாமனார், மாமியார், மைத்துனர், மைத்துனி, மருமகன், மருமகள் ஆகிய உறவுகள் மட்டும் இதற்குள் வரமாட்டா. மருமகன் அடிபட்டால் மகள் விடுப்பு எடுக்கலாம், மாமியார் எடுக்க முடியாது. ஒரே கூரையின்கீழ் வாழும் நம் குடும்பங்களுக்கு இது கசப்பாக இருக்கும். ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இவர்களுக்கு அடுத்தபடியாக, மிக நெருங்கிய ரத்த உறவு என்ற வகையில் இன்னொரு வாசலைச் சட்டம் திறந்துவைத்திருக்கிறது. அதற்கு ஒரு வரிசை உண்டு. சட்டப்படி வீரரை வளர்க்கும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட ரத்த உறவினர் முதலில். பிறகு உடன்பிறந்தவர்கள். அதன்பின் தாத்தா பாட்டி. அதன்பின் பெற்றோரின் உடன்பிறந்தவர்கள். கடைசியாக அவர்களுடைய பிள்ளைகள், அதாவது ஒன்றுவிட்ட சகோதர சகோதரிகள். மேல்படியில் ஆள் இருந்தால் கீழ்ப்படிக்கு உரிமை வராது. ஒரே படியில் பலர் இருந்தால் அத்தனை பேருக்கும் உரிமை உண்டு. ஒருவர் பின் ஒருவராகவும் எடுக்கலாம், ஒரே நேரத்திலும் எடுக்கலாம். பெற்றோரோ மனைவியோ இருப்பது இந்த வரிசையைத் தடுக்காது. அம்மாவும் எடுக்கலாம், அண்ணனும் எடுக்கலாம்.

இங்கே ஒரு நுட்பத்தை நிதானமாகப் படியுங்கள். வீரர் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டு, “இந்த விடுப்புக்கு என் நெருங்கிய ரத்த உறவு இவர்தான்” என்று ஒருவரைக் குறிக்கலாம். குறிப்பிட்டால் மேலே சொன்ன வரிசை அடிபட்டுப்போகும். குறிக்கப்பட்டவர் ஒருவருக்கு மட்டுமே அந்த உரிமை. இதனால் நன்மையும் உண்டு, கெடுதலும் உண்டு. இரண்டு அண்ணன்களும் ஓர் அக்காவும் அமெரிக்காவில் வேலைபார்க்கும் குடும்பத்தில் யாரையும் குறிக்காமல் விடுவதே நல்லது. மூவருக்கும் தலா 26 வாரம் இருக்கிறது. ஒருவரைக் குறித்த மறுகணம் மற்ற இருவரின் உரிமை போய்விடும்.

தனியாக வந்தவர்களின் கதை நேர் எதிர். வெளிநாட்டினரை அவர்களுடைய மொழியறிவுக்காகப் படையில் சேர்த்துக்கொண்ட மாவ்னி என்ற திட்டம் 2009-ல் சோதனை முறையில் தொடங்கி 2016-ல் நின்றது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அந்த வழியிலோ, கிரீன் கார்டு வாங்கியபின் நேராகவோ படையில் சேர்ந்த ஓர் இளைஞரை எண்ணிப்பாருங்கள். பெற்றோர் திருநெல்வேலியில், தங்கை கோவையில், அமெரிக்காவில் இருக்கும் ஒரே ரத்த உறவு சித்தப்பா மகன். ஒன்றும் எழுதிவைக்காவிட்டால் ‘நெருங்கிய ரத்த உறவு’ என்ற இடம் கோவையில் இருக்கும் தங்கையுடையது. இங்கே இருக்கும் சித்தப்பா மகன் எவ்வளவு கெஞ்சினாலும் அவருடைய நிறுவனம் விடுப்புத் தரக் கடமைப்பட்டதல்ல. இரண்டே வரிகளில் அந்த இளைஞர் எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் நிலைமை முழுதாக மாறியிருக்கும். அப்படிக் குறிக்கப்படுபவர் ரத்த உறவாக இருக்கவேண்டும். நண்பரையோ அறைத்தோழரையோ குறிக்க முடியாது.

உங்கள் வீட்டுப் பிள்ளை படையில் இருந்தால், இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இதை மட்டும் இந்த வாரமே பேசிமுடியுங்கள். “அபசகுனமாக எதற்கு இப்போது?” என்று தள்ளிப்போடாதீர்கள். தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடப்பவரிடம் கையெழுத்து வாங்க முடியாது.

உறவைச் சொல்லும்போதும் கவனம் தேவை. பெரியப்பா மகனை வீட்டில் அண்ணன் என்றே சொல்லிப் பழகிய நாம், அலுவலகப் படிவத்திலும் ‘பிரதர்’ என்று எழுதிவிடுவோம். பின்னால் ஆவணம் கேட்கும்போது அது பொய்யாகத் தெரியும். ‘ஃபர்ஸ்ட் கசின்’ என்றே எழுதுங்கள். உறவுக்குச் சான்று கேட்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்றாலும், பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க முடியாது. நீங்களே எழுதிக் கையெழுத்திட்ட எளிய வாக்குமூலமும் போதும். இனிஷியலை விரித்து எழுதியதில் இந்தியச் சான்றிதழும் அமெரிக்க ஆவணமும் பெயரில் பொருந்தாமல் தவிக்கும் நம்மவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

எந்தக் காயம், எந்த நோய்

போர்முனையில் குண்டடி பட்டால்தான் என்று நினைக்கவேண்டாம். ஆக்டிவ் டியூட்டியில், கடமையின்போது வந்த காயமாகவோ நோயாகவோ இருந்தால் போதும். பயிற்சி மைதானத்தில் முதுகெலும்பு முறிந்தாலும் சரி. முன்பே இருந்த கோளாறு பணியால் முற்றினாலும் சரி. அது, வீரர் தன் பதவிக்குரிய கடமையைச் செய்ய முடியாதபடி ஆக்கக்கூடிய அளவு கடுமையாக இருக்கவேண்டும். அவர் சிகிச்சையிலோ, உடல் தேறும் காலத்திலோ, வெளிநோயாளி நிலையிலோ, தற்காலிக ஊன ஓய்வுப் பட்டியலிலோ இருக்கவேண்டும். நேஷனல் கார்டு, ரிசர்வ் பிரிவினரும் இதில் அடக்கம்.

படையை விட்டு வந்தவர் என்றால், நீங்கள் முதல் நாள் விடுப்பு எடுக்கும் தேதிக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் அவர் வெளியேறியிருக்கவேண்டும். அவமதிப்பு வெளியேற்றமாக அது இருக்கக்கூடாது. ஐந்தாண்டு முடிவதற்கு ஒரு நாள் முன்பு விடுப்பைத் தொடங்கினாலும், அன்றிலிருந்து ஓராண்டு வரை தொடர்ந்து எடுக்கலாம். அவருடைய காயத்தை நான்கு விதத்தில் காட்டலாம், ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். பணியில் இருந்தபோதே கடமைக்குத் தகுதியற்றவராக்கிய காயம் இன்னும் தொடர்வது முதல் வழி. முன்னாள் படைவீரர் துறை, அதாவது வி.ஏ., 50 சதவீதமோ அதற்கு மேலோ ஊன மதிப்பீடு தந்திருப்பது அடுத்தது. சம்பாதிக்கும் வேலை எதையும் தேடிப் பிடிக்கவோ தொடரவோ பெரிய தடையாகக் காயம் இருப்பது மூன்றாவது. வி.ஏ.-வின் முழுமையான குடும்பப் பராமரிப்பாளர் திட்டத்தில் அவர் சேர்க்கப்பட்டிருப்பது நான்காவது.

மனக்காயத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாகவேண்டும். போருக்குப் பிந்தைய மன அதிர்ச்சி நோய், தலையில் அடிபட்டதால் மூளையில் ஏற்பட்ட பாதிப்பு இவை படையிலிருந்து வந்து ஓராண்டு இரண்டாண்டு கழித்துத் தலைகாட்டலாம். அப்படிப் பின்னால் வெளிப்பட்டாலும் சட்டம் ஏற்கிறது. ஆனால் நம் வீடுகளில் அதை வெளியே சொல்வதில்லை. ‘முன்கோபம்’, ‘தூக்கம் வராது’ என்று வைத்துக்கொண்டு, தாய் மட்டும் இரவெல்லாம் விழித்திருந்து காலையில் வேலைக்குப் போகிறாள். கவனிப்பு என்பதற்குச் சட்டம் தரும் பொருளில் குளிப்பாட்டுவதும் மருந்து கொடுப்பதும் மட்டும் இல்லை. மருத்துவரிடம் காரில் அழைத்துப்போவதும், அருகில் இருந்து மனத்துக்கு ஆறுதல் தருவதும் கவனிப்புத்தான். மருத்துவர் எழுதித் தந்தால் இதற்கும் விடுப்பு உண்டு. இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் வேலைக்கு இது பொருந்துமா

தனியார் நிறுவனம் என்றால் குறைந்தது 50 ஊழியர்கள் இருக்கவேண்டும். அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அந்த எண்ணிக்கை பொருட்டல்ல. ஆனால் ஊழியரின் தகுதியைப் பார்க்கும்போது, நீங்கள் வேலைபார்க்கும் இடத்திலிருந்து 75 மைல் சுற்றளவில் அந்த முதலாளிக்கு 50 பேர் இருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். நீங்கள் அங்கே மொத்தம் 12 மாதமாவது வேலை செய்திருக்கவேண்டும். விடுப்புக்கு முந்தைய 12 மாதத்தில் 1,250 மணி நேரம் உழைத்திருக்கவேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு, அவர் எந்த அலுவலகத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறாரோ அதுவே வேலையிடம்.

கன்சல்டன்சி வழியாக இன்னொரு நிறுவனத்தில் உட்கார்ந்து வேலைபார்க்கும் நம் மென்பொருள்காரர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். சம்பளம் போடும் கன்சல்டன்சிதான் விடுப்புத் தரவேண்டியது, வேலையையும் காக்கவேண்டியது. கிளையண்ட் அலுவலகத்தில் நேரில் ஓராண்டாவது வேலை செய்திருந்தால் 75 மைல் கணக்குக்கு அந்த இடம் எடுத்துக்கொள்ளப்படும். இல்லாவிட்டால் கன்சல்டன்சியின் அலுவலகம்.

எச்-1பி விசாவில் இருப்பவருக்கும் இந்த உரிமை உண்டு, சட்டம் குடியுரிமை கேட்பதில்லை. எச்-1பி ஊழியருக்குச் சம்பளமில்லாமல் வைத்திருக்கக்கூடாது என்ற விதி, நோயுற்ற உறவினரைக் கவனிக்க ஊழியரே கேட்டு எடுக்கும் விடுப்புக்குப் பொருந்தாது. அதற்காகத்தான் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள் என்கிறேன். நீங்கள் கேட்டு எடுத்த விடுப்பு என்பதற்கு அந்தக் காகிதம் பின்னாளில் சான்றாக நிற்கும். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். இந்த விடுப்பு ஆட்குறைப்பிலிருந்து யாரையும் காப்பாற்றாது. நீங்கள் விடுப்பில் இல்லாமல் இருந்திருந்தாலும் போயிருக்கும் வேலை, விடுப்பில் இருந்தாலும் போகலாம்.

வாரங்களைச் செலவழிக்கும் விதம்

பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குவது இங்கேதான். 26 வாரமும் ‘ஓராண்டுக் கெடு’ ஒன்றுக்குள் அடங்கவேண்டும். அந்தக் கெடு ஜனவரியில் தொடங்குவதில்லை, நிறுவனத்தின் விடுப்பு ஆண்டுப்படியும் தொடங்குவதில்லை. நீங்கள் இதற்காக எடுக்கும் முதல் நாளில் தொடங்குகிறது. 12 மாதம் முடிந்ததும் மிச்சமிருக்கும் வாரங்கள் காலாவதியாகிவிடும். அதே வீரருக்கு அதே காயத்துக்காக இன்னொரு 26 வாரம் கிடையாது. வேறொரு புதிய காயம், அல்லது வேறொரு வீரர் என்றால்தான் மறுபடி.

செய்தி வந்ததும் எல்லோரும் ஒரே நாளில் விடுப்பெடுத்து ஓடுவது இயல்பு. ஆனால் மருத்துவமனையில் இருக்கும் காலத்தில் நர்ஸ்கள் இருக்கிறார்கள், சாப்பாடு வேளைக்கு வருகிறது, இரவில் பார்க்க ஆள் இருக்கிறது. வீட்டுக்கு வந்தபிறகுதான் குடும்பத்தின் கைகள் முழுநேரமும் தேவைப்படுகின்றன. பிசியோதெரபி வாரத்துக்கு மூன்று நாள், செயற்கைக் கால் பொருத்தும் அளவெடுப்பு, வலி மருந்தைக் குறைக்கும் நாட்கள், வி.ஏ. அலுவலக நடைகள் என்று மாதக்கணக்கில் அது நீளும். முதல் ஆறு மாதத்தில் எல்லா வாரத்தையும் தீர்த்துவிட்டு இந்தக் கட்டத்துக்கு வெறுங்கையோடு வந்து நிற்பவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

விடுப்பை ஒரே மூச்சில் எடுக்கவேண்டியதில்லை. மருத்துவக் காரணம் இருந்தால் நாள்கணக்கிலும் மணிக்கணக்கிலும் பிரித்து எடுக்கலாம். கணக்கிடும் கூறு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டாலஸில் ஓர் ஆய்வகத்தில் வாரம் ஐந்து நாள் வேலைபார்க்கும் தாய். மகன் சான் ஆன்டோனியோவின் ப்ரூக் ராணுவ மருத்துவமனையில். 26 வாரம் என்றால் அவருக்கு 130 வேலை நாட்கள். முதல் 8 வாரம் முழுநேரம் அங்கேயே இருந்தால் 40 நாள் போகும். மீதி 90 நாள். ஆண்டில் மீதமிருப்பது 44 வாரம். வாரத்துக்கு இரண்டு நாள் வீதம் எடுத்தால் 88 நாள். ஆண்டு முடியும்வரை வாரம் இரண்டு நாள் மகனோடு இருக்கலாம், மூன்று நாள் சம்பளமும் வரும், வேலையும் நிற்கும்.

குடும்பத்தில் பலருக்கு உரிமை இருக்கும்போது இன்னும் நீட்டலாம். அம்மா ஒரு நிறுவனத்திலும் அப்பா இன்னொரு நிறுவனத்திலும் வேலைபார்த்தால் இருவருக்கும் தனித்தனி 26 வாரம், தனித்தனிக் கெடு. அப்பா முதலில் தொடங்கி, அவருடைய வாரங்கள் தீரும் நேரத்தில் அம்மா தொடங்கினால் ஓராண்டு முழுவதும் வீட்டில் ஓர் ஆள் இருப்பார். அம்மாவும் பிரித்துப் பிரித்து எடுத்தால் ஒன்றரை ஆண்டு வரை கூடச் சமாளிக்கலாம். இதற்கு ஒரே நிபந்தனை, அம்மாவின் கெடு சீக்கிரம் தொடங்கிவிடக்கூடாது. மகனைக் கவனிக்க அவர் ஆரம்பத்தில் ஓரிரு நாள் விடுப்பெடுத்தாலே நிறுவனம் அதை இந்த விடுப்பாகப் பதிவுசெய்யலாம். அன்றிலிருந்தே ஓராண்டு ஓடத் தொடங்கும். ஆகவே இரண்டாவதாக எடுக்கப்போகிறவர் முடிந்தவரை வார இறுதிகளில் போய்வருவது நல்லது. தாயின் மனத்துக்கு இது எவ்வளவு கடினம் என்பது தெரிந்தே சொல்கிறேன்.

கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் வேலைபார்த்தால் இருவருக்கும் சேர்த்தே 26 வாரம். மற்றபடி அதே ஓராண்டில் குழந்தைப்பேறு போன்ற வேறு காரணத்துக்காக எடுத்த விடுப்பும் இந்த 26-க்குள் கழியும். 10 வாரம் அப்படிப் போயிருந்தால் 16 மீதம்.

காகித வேலை

முதல் தடவை கேட்கும்போது சட்டத்தின் பெயரைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் எச்.ஆர். புரிந்துகொள்ளும் அளவுக்குத் தகவல் இருக்கவேண்டும். வீரர் உங்களுக்கு என்ன உறவு, பணியில் அடிபட்டவர், சிகிச்சையில் இருக்கிறார், எவ்வளவு காலம் தேவைப்படலாம் என்ற நான்கும் ஒரு மின்னஞ்சலில் இருக்கட்டும். தொலைபேசியில் சொல்லிவிட்டாலும் மின்னஞ்சல் அனுப்புங்கள். முன்கூட்டித் தெரிந்த அறுவைச் சிகிச்சை என்றால் 30 நாள் முன்னறிவிப்பு. திடீரென்று நேர்ந்ததற்கு, முடிந்தவரை சீக்கிரம், அவ்வளவுதான்.

அதன்பின் 5 வேலை நாட்களுக்குள் நிறுவனம் உங்களுக்குத் தகுதி உண்டா இல்லையா என்று தெரிவிக்கவேண்டும். மருத்துவச் சான்று கேட்டால் திருப்பித் தர உங்களுக்கு 15 நாட்கள். பணியில் இருப்பவருக்கு டபிள்யூ.எச்.-385 என்ற படிவம், வெளியேறியவருக்கு டபிள்யூ.எச்.-385-வி. இரண்டும் தொழிலாளர் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சான்றில் குறை இருந்தால் அதை எழுத்தில் சொல்லி, சரிசெய்ய 7 நாள் தரவேண்டும்.

இத்தனையும் இல்லாமலே முடியும் ஒரு வழி இருக்கிறது. கடுமையாக அடிபட்டவரின் அருகில் இருக்கும்படி ராணுவமே குடும்பத்தாரை அழைத்து, பயணச் செலவு தந்து அனுப்பும் ஆணை ஒன்று உண்டு. ஐ.டி.ஓ. அல்லது ஐ.டி.ஏ. என்பார்கள். அதில் உங்கள் பெயர் இல்லாவிட்டாலும், குடும்பத்தில் யாருக்காவது அது வந்திருந்தால் அதன் நகலே மருத்துவச் சான்றுக்கு ஈடு. ஆணையில் குறித்த காலம் முடியும்வரை நிறுவனம் வேறு சான்று கேட்க முடியாது. வி.ஏ. பராமரிப்பாளர் திட்டத்தில் சேர்த்த கடிதத்துக்கும் இதே மதிப்பு.

ராணுவ மருத்துவரோ வி.ஏ. மருத்துவரோ ட்ரைகேர் காப்பீட்டின் மருத்துவரோ தந்த சான்றின்மேல் இரண்டாவது மருத்துவரின் கருத்தைக் கேட்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. இவற்றோடு தொடர்பில்லாத தனியார் மருத்துவர் தந்தால் கேட்கலாம். முடிந்தால் முதல் வகையினரிடமே வாங்குங்கள். உங்கள் நேரடி மேலாளர் மருத்துவரை அழைத்து விசாரிக்கக்கூடாது. அப்படிச் செய்தால் தேதியோடு குறித்துவையுங்கள்.

சம்பளம் இல்லாத மாதங்கள்

இது சம்பளமில்லாத விடுப்பு. சேர்த்துவைத்த சம்பள விடுப்பை இதனோடு சேர்த்துக்கொள்ளலாம், நிறுவனமே அப்படிச் செய்யச் சொல்லவும் செய்யலாம். மருத்துவக் காப்பீடு முன்போலவே தொடரும், ஆனால் உங்கள் பங்கு பிரீமியத்தை நீங்கள் கட்டவேண்டும். 30 நாளுக்கு மேல் தவறினால், 15 நாள் முன்னறிவிப்புக் கடிதம் அனுப்பிவிட்டு நிறுத்திவிடலாம். மருத்துவமனையில் இருக்கும்போது வீட்டுத் தபாலைப் பார்க்க ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள்.

சில மாநிலங்களில் மாநில நிதியிலிருந்து குடும்பக் கவனிப்புக்குப் பணம் வரும். மாசசூசெட்ஸ் படைவீரரைக் கவனிக்க 26 வாரம் வரை தருகிறது. இந்த விஷயத்தில் அதுவே எனக்குத் தெரிந்த மிகத் தாராளமான மாநிலம். நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் குடும்பக் கவனிப்புக்கு 12 வாரம் வரை, கலிஃபோர்னியாவில் 8 வாரம். டெக்சஸில் தனியார் ஊழியருக்கு அப்படி ஒன்று இல்லை.

வீரரின் பக்கத்திலிருந்து வரும் பணத்தையும் பலர் கேட்காமல் விடுகிறார்கள். கடுமையான உடற்காயத்துக்கு டி.எஸ்.ஜி.எல்.ஐ. என்ற காப்பீடு 25,000 முதல் 1,00,000 டாலர் வரை தருகிறது. போர்முனைக் காயம்தான் வேண்டும் என்பதில்லை. தங்குவதற்கு, ராணுவ மருத்துவமனைகளையும் வி.ஏ. மருத்துவமனைகளையும் ஒட்டி ஃபிஷர் ஹவுஸ் என்ற இல்லங்கள் இருக்கின்றன. 1990-ல் தொடங்கிய அமைப்பு. குடும்பத்தாருக்கு வாடகை கிடையாது. சமையலறை இருப்பதால் ரசம் சோறாவது வைத்துக் கொடுக்கலாம். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் முதல் நாளே பெயர் கொடுங்கள்.

26 வாரம் தீர்ந்தபிறகும், மறுக்கப்பட்டாலும்

திரும்பி வரும்போது அதே வேலை, அல்லது சம்பளத்திலும் பொறுப்பிலும் அதற்கு நிகரான வேலை தரவேண்டும். வீரரின் உடல்நிலை காரணமாகவே உங்களால் திரும்ப முடியாமல் போனால், விடுப்பின்போது நிறுவனம் கட்டிய பிரீமியத்தை உங்களிடம் திருப்பிக் கேட்க முடியாது.

ஓராண்டு முடிந்தும் மகன் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால், பெற்றோர் சென்ற அத்தியாயத்தின் 12 வார விடுப்புக்கு மாறலாம். உடற்குறை எந்த வயதில் வந்தது என்பது அங்கே கேள்வியல்ல. ஆண்டுதோறும் அதற்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்து எடுக்கலாம். மனைவிக்கும் அது உண்டு. உடன்பிறந்தவர்களுக்கு இந்தப் பாதை மூடியிருப்பதால், 26 வாரத்தைப் பங்கிடும்போதே அவர்களுடைய நாட்களைப் பெற்றோரின் நாட்களுக்கு முன்னால் செலவழிப்பது புத்திசாலித்தனம்.

நீண்டகாலக் கவனிப்பு என்று தெரிந்துவிட்டால் வி.ஏ. பராமரிப்பாளர் திட்டத்துக்கு விண்ணப்பிக்கத் தாமதிக்காதீர்கள். ஊன மதிப்பீடு 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்து, குறைந்தது ஆறு மாதம் நேரடிக் கவனிப்பு தேவைப்பட்டால், முதன்மைப் பராமரிப்பாளருக்கு மாதந்தோறும் உதவித்தொகையும், வேறு காப்பீடு இல்லையென்றால் மருத்துவக் காப்பீடும், ஆண்டுக்குக் குறைந்தது 30 நாள் மாற்று ஆள் உதவியும் உண்டு. வி.ஏ.-வின் பராமரிப்பாளர் உதவி எண் 855-260-3274.

விடுப்பை மறுத்தாலோ, எடுத்ததற்காகப் பதவி இறக்கினாலோ, வருகைப் பதிவில் தண்டப் புள்ளி போட்டாலோ, தொழிலாளர் துறையின் ஊதிய, வேலைநேரப் பிரிவை 1-866-487-9243 என்ற எண்ணில் அழையுங்கள். கட்டணமில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். நேராக நீதிமன்றத்துக்கும் போகலாம். பொதுவாக இரண்டு ஆண்டு அவகாசம், நிறுவனம் வேண்டுமென்றே மீறியிருந்தால் மூன்று ஆண்டு. மின்னஞ்சல்கள், படிவ நகல்கள், தேதி குறித்த குறிப்புகள் அனைத்தையும் அலுவலகக் கணினியில் வைக்காமல் வீட்டில் வையுங்கள். வேலை போகும் நாளில் அலுவலகக் கணினி முதலில் பூட்டப்படும்.